விட்ட கட்டமும் சேர்த்த ஓடையும்

"…அதத்தான் கேக்குறேன் வாத்தியாரே, பாதிக்குக் கொறஞ்சா விட்டுரணும்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானா, இல்ல இவளா இட்டுக்கட்டிச் சொல்றாளா? எங்கப்பன் காலத்துல இருந்து ஒரு சாண் கரைய விட்டதில்ல நாங்க. இவ ஒரு பென்சில வச்சுக்கிட்டு ஒரே பொழுதுல அம்புட்டையும் விட்டுட்டு வந்து நிக்கிறா!"

வகுப்பு வாசலில் நின்று இப்படிச் சத்தம் போட்டவர் பெயர் குழந்தைவேலு. தோளில் மண்வெட்டி. மேலே கறுப்புக் கம்பளி, அது முழுக்கப் பனித்துளி. அவருக்குப் பின்னால் அவருடைய மகள் பாக்கியம், என் ஏழாம் வகுப்பு மாணவி, சுருட்டிய தாள் ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்ல எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றார் அவர். "இன்னையோட இவளுக்குப் பள்ளிக்கூடம் போதும். நெலத்த விடுறதுக்கு ஒரு படிப்பு வேணுமா? அது படிக்காமலே எல்லாத்துக்கும் வரும்."

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, கணக்குப் பாடத்தை எப்படி நடத்துவது என்று உங்களுக்குச் சொல்ல நான் ஆள் இல்லை. அதையெல்லாம் பயிற்சிப் பள்ளியில் உங்களுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் பழனி அடிவாரத்தில் பூக்கட்டி விற்ற குடும்பத்துப் பிள்ளை. மாலையை முழம் போட்டுத்தான் கணக்கு படித்தேன். மிச்சத்தைப் பழைய புத்தகங்களோடு முட்டி மோதி நானே தெரிந்துகொண்டேன். பாடம் நடக்கும்போது ஒரு மனிதர் கோபமாக வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது, அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறேன். அதை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கம் எட்டாம் வகுப்பு வரை இருந்த ஒரு பள்ளியில் எனக்கு வேலை. சுற்றிலும் உருளைக்கிழங்கும் பூண்டும். காடு என்றால் அங்கே மரக்காடு இல்லை, விளைநிலம். மலைச்சரிவை வெட்டி வெட்டிப் படிப்படியாக எடுத்த நிலம். ஒரு துண்டு அரிவாள் மாதிரி வளைந்திருக்கும், அடுத்தது அவரை விதை மாதிரி, அதற்கடுத்தது எந்த மாதிரியும் இல்லாமல்.

புத்தகத்தில் பரப்பளவுப் பாடம் செவ்வகத்தில் தொடங்கியது. நீளத்தை அகலத்தால் பெருக்கு, முடிந்தது. கரும்பலகையில் ஒரு செவ்வகம் போட்டு, "இது ஒரு நிலம்" என்றேன். முத்து என்ற பையன் எழுந்தான். பாக்கியத்தின் சித்தப்பா மகன். வாயை மூடி வைக்கத் தெரியாதவன். அவன் வாயால் சம்பாதித்த அடிகள் ஒரு கணக்குக்கும் அடங்காது, ஆனால் என்னால் அவனை அடிக்க முடிந்ததே இல்லை.

"சார், இது எந்த ஊரு நெலம்?"

"ஏண்டா?"

"எங்க ஊர்ல நேரா இருக்கிறது மழை ஒண்ணுதான் சார். அதுவும் காத்தடிச்சா கோணிரும்."

அன்றோடு செவ்வகத்தை மூடி வைத்தேன். கொடைக்கானல் கடைத்தெருவில் எழுதுபொருள் கடை வைத்திருந்த ராவுத்தரிடம் சொல்லி வெள்ளைத் தாள் வாங்கி வந்தோம். பிள்ளைகளே அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டார்கள். கட்டத்தாள் மேல் பேரிக்காய் இலையை வைத்து ஓரம் வரை. உள்ளே முழுசாக இருக்கிற கட்டங்களை எண்ணு. ஓரத்தில் வெட்டுப்பட்ட கட்டங்களில் பாதிக்கு மேல் இலை இருந்தால் ஒன்று என்று எண்ணு. பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடு. வருகிற எண்தான் உத்தேசப் பரப்பளவு. புத்தகத்தில் இருந்த விதி இதுதான், நானும் இதைத்தான் சொன்னேன்.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. இலையிலிருந்து கால் பாதத்துக்குப் போனோம். ஒருத்தன் பாதத்தை இன்னொருத்தன் வரைய வேண்டும். பென்சில் உள்ளங்காலைத் தொட்டதும் கூச்சத்தில் துள்ளுவார்கள், கோடு எங்கேயோ போய்விடும். "சார், இவன் காலுக்கு வாலு மொளைச்சிருச்சு" என்று சத்தம் வரும். வகுப்பிலேயே பெரிய பாதம் ஒரு சின்னப் பெண்ணுடையது என்று தெரிந்தபோது பையன்கள் கட்டங்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். எண்ணிக்கை மாறவில்லை. ஒருத்தி பூனையைக் கொண்டுவந்து தாள் மேல் உட்கார வைத்தாள். அது அரைப் பூனையாகத்தான் கணக்கில் வந்தது. முத்து கேழ்வரகு அடையைக் கொண்டுவந்து கட்டத்தாளில் வைத்து எண்ணினான். எண்ணி முடித்ததும் ஓரத்தைச் சுற்றிப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தான்.

"என்னடா செய்றே?"

"பாதிக்குக் கொறஞ்சதெல்லாம் கணக்குல வராது சார். நான் தின்னா யாருக்கும் நட்டமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னதில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடை என்பதால் சிரித்தோம். அது நிலமாக இருந்தால்?

அதைத்தான் பாக்கியம் வீட்டில் செய்துவிட்டாள்.

குழந்தைவேலுவுக்கு ஓடைக்கரையில் ஒரு பூண்டுக்காடு இருந்தது. நல்ல ஈரம். அவர் தம்பி, முத்துவின் அப்பா பொன்னையாவுக்கு மேட்டில், ஊரை ஒட்டி ஒரு படிக்காடு. அண்ணனுக்கு முழங்கால் வலி, இறங்கி ஏற முடியவில்லை. தம்பிக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளலாம் என்று பேசிவிட்டார்கள். அண்ணன் ஓடைக்காட்டை முழுசாகக் கொடுப்பது, அது எவ்வளவோ அதே அளவு மேட்டுக்காட்டில் வாங்கிக்கொள்வது. மேட்டுக்காடு அங்கே அதிசயமாக நேர் வரப்பு, கயிறு போட்டால் தெரிந்துவிடும். ஓடைக்காடுதான் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. அதை யார் அளப்பது? "எம்மக அளப்பா" என்று குழந்தைவேலுவே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அவளும் அளந்தாள். கயிற்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, காட்டின் நடுவே நேராக இழுத்து, ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் இந்தக் கரை எவ்வளவு தூரம், அந்தக் கரை எவ்வளவு தூரம் என்று பார்த்து வரைந்தாள். ஒரு கட்டம் என்றால் பத்தடிக்குப் பத்தடி. நான் அவளுக்குச் சொல்லித்தரவே இல்லாத வேலை அது. பிறகு நான் சொல்லித்தந்த வேலையைச் செய்தாள். ஓடையோரம் காடு பாதிக்குக் குறைந்த கட்டங்களிலெல்லாம் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். "இது என்ன குறி?"

"இதெல்லாம் விட்டதுய்யா."

அந்த ஊரில் 'விட்டது' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. 'காட்ட விட்டவன்' என்றால் பிழைக்கத் தெரியாதவன், கரையைக் கட்டிக் காக்க முடியாமல் கீழ்நாட்டுக்கு இறங்கிப் போனவன். குழந்தை கீழே விழுந்தாலும் பரவாயில்லை, வரப்புச் சரியக் கூடாது என்று இருக்கிற ஊர். அங்கே போய், ஈரம் ஊறுகிற ஓடைக்கரையில், அவர் ஒவ்வொரு கல்லாக அடுக்கிக் கட்டிய கரையில், மகள் சிவப்புக் குறி போட்டுவிட்டு 'விட்டது' என்கிறாள். அதற்கு ஈடாக மேட்டுக்காட்டில் ஒரு பிடி மண்ணும் கிடைக்காது. அவர் வராமல் என்ன செய்வார்?

இனி வாசலுக்கு வருவோம்.

தலைமை ஆசிரியர் அன்று கொடைக்கானலுக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். கிழங்கு லாரி கிடைத்தால் மறுநாள் வருவார். ஆகவே எனக்கு நான்தான் துணை. எல்லா வாத்தியார்களும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். விளக்கம் சொன்னேன்.

"அப்படி இல்லீங்க. சில கட்டத்துல குறையும், சில கட்டத்துல கூடும். மொத்தத்துல சராசரியாச் சரியாப் போயிரும்."

"சராசரிய எங்கிட்டுப் போட்டு வெதைக்கிறது? பூண்டு என்ன சராசரியிலயா மொளைக்கும்?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு யோசிக்க ஒரு நொடி கிடைத்தது. 'வாங்க, நானே அளந்து தருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அவர் அடங்கிவிடுவார். ஆனால் பாக்கியம் அளந்தது தப்பு என்று ஆகிவிடும், அவள் பிறகு பென்சிலைத் தொடமாட்டாள். 'இது பள்ளிக்கூட விதி, உங்களுக்குப் புரியாது' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவர் இறங்கிப் போய்விடுவார், அவளையும் கூட்டிக்கொண்டு. அந்த நொடியில் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த மனிதர் கேட்பது நல்ல கேள்வி. என் வகுப்பில் ஒரு பிள்ளையும் கேட்காத கேள்வி. விட்டது எங்கே போகிறது?

"உள்ள வாங்க, உக்காருங்க" என்று என் நாற்காலியைக் காட்டினேன்.

"அது வாத்தியாரு எடம்" என்று சொல்லிவிட்டு, பையன்களின் பெஞ்சு ஓரத்தில் மண்வெட்டியை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முத்து நகர்ந்து இடம் கொடுத்தான்.

நான் வகுப்பைப் பார்த்துக் கேட்டேன். "நாம நிலத்த விடுறோம்னு அவர் சொல்றார். நெசமா, இல்லையா?"

எனக்காகப் பேசுவார்கள் என்று நினைத்தேன். முத்து முதல் ஆளாக எழுந்தான். "நெசந்தான் சார். விட்டுட்டோம்ல. பெரியப்பா சொல்றதுல என்ன தப்பு?"

"ஆமா சார், விட்டுட்டோம்" என்றது வகுப்பு முழுக்க. ஒரு வாரம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்த வகுப்பு ஒரே மூச்சில் கட்சி மாறிவிட்டது. குழந்தைவேலு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் இரக்கம்கூட இருந்தது.

அப்போதுதான் பாக்கியம் வாய் திறந்தாள். "விட்டதும் இருக்கு, சேத்ததும் இருக்கு சார். ஐயா விட்டத மட்டுந்தான் பாத்தாரு."

"எங்க சேத்த?" என்றார் அப்பா.

அவள் தாளை விரித்தாள். "இங்க பாருங்க. இந்தக் கட்டத்துல முக்காவாசி நம்ம காடு, காவாசி ஓட. இத முழுக் கட்டம்னு எழுதிருக்கேன். இதுவும் அப்பிடித்தான். இதுவும்."

நிலைமை சீராகும் என்று நினைத்தேன். குழந்தைவேலு பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஓடையச் சேத்தியா? அடிப்பாவி! ஓட ஊருக்குப் பொதுவுல கெடக்கு. அத எங்கணக்குல எழுதினா ஊரு என்ன சொல்லும்? என் தம்பிக்கு நான் தண்ணிய அளந்து குடுக்கவா? எந்நெலத்த விட்டுட்டு ஊரு ஓடைய வளைச்சுப் போட்டுட்டு வந்துருக்கா! வாத்தியாரே, விடுறதுக்கு மட்டும் இல்ல, திருடுறதுக்கும் சேத்துல்ல சொல்லிக் குடுத்துருக்கீங்க!"

ஒரு குற்றத்தோடு உள்ளே வந்தவர், இப்போது இரண்டு குற்றத்தோடு நின்றார். முத்து மெதுவாக, "எங்கய்யாவுக்குத் தண்ணியத்தான் குடுக்குறீங்களா பெரியப்பா?" என்று கேட்டான். அவனை முறைத்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டார். "வாம்மா போகலாம். இங்க வராம இருந்திருந்தா ரெண்டு பாத்தி கொத்திருப்பேன்."

பாக்கியம் நகரவில்லை. இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்பிள்ளைகளின் தையல் பெட்டியில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்தேன். நீலப் பென்சிலைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். "சேத்த கட்டத்துல எல்லாம் ஓடையா இருக்கிற பக்கத்த நீலமாத் தேய்." அவள் தேய்த்தாள். கரையோரம் நெடுகச் சின்னச் சின்ன நீலத் துண்டுகள் தெரிந்தன. கத்தரிக்கோலை அவளுடைய அப்பாவிடம் நீட்டினேன்.

"விட்ட கட்டத்துல காடா இருக்கிற துண்டையெல்லாம் வெட்டி எடுங்க. வெட்டினத நீலத்து மேல ஒட்டுங்க. நீலம் மறையுதான்னு பாப்போம்."

"நானா?"

"உங்க நிலம். நீங்கதான் வெட்டணும்."

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அது சரியாக வரும் என்று எனக்குத் தெரியாது. விட்டதும் சேர்த்ததும் ஏறக்குறைய ஈடாகும் என்பது பொதுவாக உண்மை. இந்த ஓடைக்கு, இந்தக் கரைக்கு ஈடாகுமா என்பதை யார் சொல்ல முடியும்? பாக்கியத்திடம் வேறு தாளும் இல்லை. வெட்டிய பிறகு நீலம் நிறைய மிஞ்சினாலோ, நிலம் நிறைய மிஞ்சினாலோ அவள் படிப்பு அன்றோடு முடிந்தது, என் விதியும் முடிந்தது. ஆனாலும் அவர் கண்ணால் பார்க்காமல் அவர் நம்பப் போவதில்லை. அவர் நம்பாமல் அவள் அந்தப் பெஞ்சில் உட்காரப் போவதில்லை.

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

மண்வெட்டி பிடித்த விரல்களுக்குக் கத்தரிக்கோலின் வளையம் போதவில்லை. கட்டை விரல் உள்ளே போனதும் மாட்டிக்கொண்டது. பெண்பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். "அப்பிடி இல்ல மாமா, சாய்ச்சுப் பிடிங்க." "கோட்டு மேலயே போங்க மாமா, கோட்ட விட்டுறாதீங்க." 'விட்டுறாதீங்க' என்றதும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. அவருக்கு மட்டும் வரவில்லை. நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு முதல் துண்டை வெட்டி எடுத்தார். பசை? ஒருத்தி தன் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து அவித்த உருளைக்கிழங்கை எடுத்துக் கொஞ்சம் நசுக்கிக் கொடுத்தாள். முதல் துண்டு ஒரு நீலத்தின் மேல் உட்கார்ந்தது. முழுசாக மூடவில்லை. இரண்டாவது துண்டின் மூலையைக் கிள்ளி அந்த இடைவெளியில் வைத்தார்.

மூன்றாவது துண்டு வந்தபோது அவர் மாறிவிட்டார். காட்டில் படி வெட்டுகிற ஆளாகிவிட்டார். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு மட்டம் பார்க்கிற வேலையை அவர் வாழ்நாள் முழுக்கச் செய்திருக்கிறார். அது கையில் வந்துவிட்டது.

"இந்தா, இங்க பள்ளமாக் கெடக்கு. ஏலே முத்து, அந்தக் கொண்டைத் துண்டக் குடு. அது இல்லலே, நீட்டமா இருக்கே, அது. பாக்கியம், இந்த மூலையில அமுக்கு. வெரசா, கெழங்கு காயுது."

"அய்யா, அத திருப்பி வைங்க, அந்தப் பக்கம் பொருந்தும்."

"ஆமால்ல. சரியா வந்து உக்காந்துருச்சு பாரு!"

வகுப்பு முழுக்கத் தரையில் கவிழ்ந்து கிடந்தது. நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தம்பிகளே, ஒரு வாத்தியாருக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. ஒரு துண்டு தப்பான இடத்துக்குப் போகிறது என்று தெரியும், நாக்கு நுனிவரை வந்துவிடும். விழுங்க வேண்டும்.

நீலம் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வந்தது. கடைசி நீலமும் மறைந்தது. பிள்ளைகள் "ஓ" என்று கத்தப் போனார்கள். குழந்தைவேலு கையை உயர்த்தினார். அவருடைய உள்ளங்கையில் இன்னும் ஒரு துண்டு இருந்தது. கட்டைவிரல் நகம் அளவு.

"இது?"

முத்து மெல்ல, "ஊதி விட்டுருங்க பெரியப்பா, பறந்துரும்" என்றான்.

அதை வாங்கி எங்கேயாவது ஒரு துண்டுக்கு அடியில் செருகியிருக்கலாம். கிழங்கு ஒட்டிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. அவரும் அந்த நேரத்தில் நான் அப்படிச் செய்வதைத்தான் எதிர்பார்த்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மிச்சங்க" என்றேன். "அது நெசமாவே விட்டுப்போனதுதான். உத்தேசம்னா அவ்வளவுதான். ஒரு பொடி கூடும், இல்ல ஒரு பொடி குறையும். இல்லவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் அந்தத் துண்டை விரலால் புரட்டினார். "காட்டுல இது எம்புட்டு?"

பாக்கியம் அதை வாங்கி ஒரு வெற்றுக் கட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டு பேரு படுக்குற எடம்யா."

முத்து உடனே தரையில் நீட்டிப் படுத்துவிட்டான். இன்னொருவன் அவன் பக்கத்தில் படுத்தான். "இவ்வளவுதான் பெரியப்பா!"

குழந்தைவேலு அந்த இரண்டு பையன்களையும் மேலும் கீழும் பார்த்தார். அவர் மீசை அசைந்தது. "எங்காட்டுல பன்னி படுத்துப் பொரள்றது இதுக்கு மேல இருக்கும்லே" என்றார். அதற்குப் பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சிலிருந்து வருகிற சிரிப்பு. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, சண்டை முடிந்ததா தொடங்கியதா என்று தெரியாமல் திரும்பிப் போனார்.

அவர் மகளைப் பார்த்து, "அப்ப நீ விடலயா?" என்றார்.

"இல்லய்யா. ஒட்டுக்கு எடுத்து வச்சது."

ஒட்டு! கிழிந்த சட்டைக்கு வைக்கிற ஒட்டு. அந்தச் சொல்லை நான் யோசித்திருக்க வேண்டும் என்று எண்ணினேன், ஆனால் அவள் யோசித்ததுதான் நன்றாக இருந்தது. அவர் அந்தச் சொல்லை ஒரு முறை வாயில் போட்டுப் பார்த்தார். "ஒட்டுக்கு எடுத்து வச்சது. ம். அப்பிடிச் சொல்லுறதுக்கு என்ன? 'விட்டது'ங்குறா."

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அவளிடம், "உக்காரு. மத்தியானம் தாள எடுத்துட்டு வா, கசக்கிறாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை எல்லைக்கல் ஊன்றினார்கள். நானும் போயிருந்தேன். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்த அந்தத் தாளைக் குழந்தைவேலு ஊர்க்காரர்கள் நடுவே விரித்து, எது மேடு, எது பள்ளம், எதை வெட்டி எங்கே போட்டது என்று தானே கண்டுபிடித்தவர் மாதிரி விளக்கினார். கடைசியில் மிச்சம் விழுந்த துண்டையும் மறைக்காமல் சொன்னார். தம்பி பொன்னையா வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டு ஆளு எடமா? அண்ணன் எனக்குச் சும்மாவே குடுத்துட்டாரு. மதினி வெரட்டுனா நீங்க வந்து படுத்துக்கிடலாம்ண்ணே, பக்கத்துல எடம் இருக்கு." கல் இறங்கியது. யார் முகமும் கோணவில்லை.

அதற்குப் பிறகு என் வகுப்பில் யாரும் 'விட்டுவிடு' என்று சொன்னதில்லை. 'ஒட்டுக்கு வை' என்றுதான் சொன்னோம். கேலியாகத் தெரியலாம். ஆனால் விதி மாறாமல் ஒரு சொல் மட்டும் மாறியதில், பிள்ளைகளுக்கு அந்த விதி ஏன் வேலை செய்கிறது என்பதே விளங்கிவிட்டது. நீங்கள் வேலை பார்க்கிற ஊரில் எந்தச் சொல் யாரைச் சுடும் என்று முதல் வாரமே உங்களுக்குத் தெரிந்துவிடாது. யாராவது மண்வெட்டியோடு வந்துதான் சொல்வார்கள். அவர் வந்தால் சந்தோஷப்படுங்கள். உங்கள் பாடம் ஒரு வீட்டுக்குள் போய், அடுப்படி வரை நுழைந்து, அங்கே ஒருத்தர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. எத்தனை பாடத்துக்கு அந்த யோகம் கிடைக்கும்? மிச்சம் விழுகிற துண்டை ஒளிக்காதீர்கள், அது போதும்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று குழந்தைவேலு மறுபடி என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். மண்வெட்டி இல்லை. இடுப்பில் ஒரு சின்னப் பெண், பாக்கியத்தின் தங்கை. தலையில் எண்ணெய் வழிந்தது.

"இவளையும் ஒண்ணாப்புல சேத்துக்கோங்க வாத்தியாரே."

"வயசு என்னாச்சு?"

"நாலு முடிஞ்சு ஏழு மாசம்."

"அஞ்சு முடியணுமேங்க. அதான் சட்டம்."

"பாதிக்கு மேலன்னா முழுசா எண்ணுறது ஒங்க சட்டந்தான?"

"அது கட்டத்துக்குங்க."

"கட்டத்துக்கு ஒரு சட்டம், புள்ளைக்கு ஒரு சட்டமா?"

நான் விடவில்லை. "சரி, அந்த அஞ்சு மாசக் குறைய எதை வச்சு மூடுறது?"

அவர் அதற்கும் வீட்டிலேயே யோசித்துக்கொண்டு வந்திருந்தார். "பாக்கியத்துக்குப் பன்னெண்டு முடிஞ்சு அஞ்சு மாசம். அந்த அஞ்சும் பாதிக்குக் கொறஞ்சதுதான? அத வெட்டி இவளுக்கு ஒட்டிக்கோங்க."

சொல்லிக்கொண்டே அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எட்டாம் வகுப்புப் பெஞ்சில் பாக்கியத்தை ஒரு கையால் நகரச் சொல்லி, அந்த இடைவெளியில் சின்னவளை உட்கார வைத்தார். தள்ளி நின்று, பொருந்துகிறதா என்று ஒரு தடவை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே வெளியே போய், செருப்பை மாட்டிக்கொண்டு, மேட்டுக்காட்டைப் பார்த்து நடந்தார்.